காசு கட்டிச் சேரும் கடை அட்டைகள் வன்னிச் சிக்கனத்துக்குப் பொருந்துமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"சேர்ந்தால் மலிவு" என்று கனடாவிலிருந்து அண்ணா சொல்கிறார். கொழும்பில் வேலை செய்யும் மகளும் அதையே சொல்கிறாள். ஊருக்குள் ஒருவர் கோப்பும் கையுமாக வீடு வீடாக வந்து இதையே இன்னும் இனிப்பாகச் சொல்கிறார். கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கங்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் பொருளியல் படித்தவள் இல்லை. வீட்டுக் கணக்குக் கொப்பியை ஒழுங்காக எழுதுகிறவள், அவ்வளவுதான்.

கேள்வி: கடைக்குள் போகவே காசு கட்ட வேண்டும் என்கிறார்களே, அது என்ன வியாபாரம்?

அமெரிக்காவின் சான் டியேகோவில் 1976இல் சோல் பிறைஸ் என்பவர் பிறைஸ் கிளப் என்ற கடையைத் திறந்தார். பழைய களஞ்சியம் போன்ற கட்டடம், அலங்காரம் இல்லை, பெட்டி பெட்டியாகச் சாமான். வருடக் கட்டணம் கட்டியவர்கள் மட்டும் வாங்கலாம். அந்த வழியில் 1983இல் சியாற்றிலில் கொஸ்ட்கோ தொடங்கியது. 1993இல் இரண்டும் ஒன்றாயின.

இதன் சூட்சுமம் கட்டணத்தில் இருக்கிறது. கொஸ்ட்கோ தன் சாமானில் வைக்கும் இலாபம் நூற்றுக்குப் பதினான்கு, பதினைந்தைத் தாண்டுவதில்லை. சாதாரண பெரிய கடையில் பல பத்தாயிரம் வகைச் சாமான் இருக்கும், இங்கே நாலாயிரம் வகை அளவில்தான். சம்பளமும் மின்சாரமும் போனால் சாமானில் மிஞ்சுவது கொஞ்சம். ஆனால் 2024 நிதியாண்டில் அங்கத்துவக் கட்டணமாக மட்டும் 480 கோடி டொலருக்கு மேல் வந்தது. அந்த ஆண்டின் நிகர இலாபம் ஏறக்குறைய 737 கோடி டொலர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கடை எதில் பிழைக்கிறது என்று விளங்கும்.

எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டணம் எவ்வளவு என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் வாங்குகிறார்கள்.

கேள்வி: அண்ணா ஸ்காபரோவில் இருக்கிறார். வருடம் 65 டொலர் கட்டுகிறார். அவருக்காவது இலாபமா?

2024 செப்ரெம்பரிலிருந்து கனடாவில் சாதாரண அட்டை 65 டொலர், மேல்தர அட்டை 130 டொலர். அண்ணா அங்கே வாங்கும் சாமான் வேறு கடையை விட நூற்றுக்கு ஐந்து மலிவு என்று வைப்போம். 65 டொலரை மீட்க அவர் வருடத்துக்கு 1,300 டொலருக்கு வாங்க வேண்டும், மாதத்துக்கு 108. பிள்ளை குட்டியோடு ஐந்து பேர் உள்ள வீடு, காரும் உறைபெட்டியும் இருக்கிறது என்றால் அது வலு சுலபம். நிலக்கீழ் அறையில் தனியாக இருந்து இரவு வேலைக்குப் போகிற தம்பிக்கு அது சரிவராது. அவர் வாங்கும் பெரிய போத்தல் பாலில் பாதி புளித்துப் போகும்.

மேல்தர அட்டைக்காரருக்கு வாங்கியதில் நூற்றுக்கு இரண்டு வருட முடிவில் திரும்பி வரும். மேலதிகமாகக் கட்டிய 65 டொலரை மீட்க வருடம் 3,250 டொலருக்கு, அதாவது மாதம் 270 டொலர் அளவுக்கு வாங்க வேண்டும். பெற்றோலுக்கு அந்த இரண்டு வீதம் கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இந்தக் கணக்கில் எப்போதும் ஒரு ஓட்டை இருக்கும். "நூறு டொலர் மிச்சம் பிடித்தேன்" என்று அண்ணா சொன்னால், அந்தச் சாமான் வீட்டிலிருந்து எழுதிக் கொண்டுபோன துண்டில் இருந்ததா என்று கேளுங்கள். முட்டை வாங்கப் போய்த் தோட்டக் கதிரை நாலோடு வந்தால் அந்தக் கதிரையில் கிடைத்த கழிவை, அதாவது விலைக்குறைப்பை, சேமிப்பு என்று எழுத முடியாது. கட்டிய கட்டணத்தை "எடுத்துவிட வேண்டும்" என்ற உந்துதல் மனிதருக்கு இயல்பு. அந்த உந்துதலுக்கும் சேர்த்துத்தான் கடை கணக்குப் போட்டிருக்கிறது.

பிடிக்கவில்லை என்றால் கட்டணத்தை முழுதாகத் திருப்பித் தருவோம் என்பது கொஸ்ட்கோவின் உத்தரவாதம். ஒரு வருடம் கொப்பியில் எழுதிப் பார்த்து நட்டம் என்று கண்டால் அண்ணா வெட்கப்படாமல் போய்க் கேட்கலாம்.

கேள்வி: அண்ணாவின் அட்டையை மச்சான் கொண்டுபோகலாமா?

கூடாது. ஒரு அட்டைக்கு அதே வீட்டில் இருக்கும் இன்னொருவருக்கு இலவசமாக ஒரு அட்டை உண்டு. மற்றவர்கள் அங்கத்தவரோடு கூடப் போகலாம், ஆனால் காசு கட்டுவது அங்கத்தவர்தான். 2024இலிருந்து பல கடைகளின் வாசலிலேயே அட்டையை இயந்திரத்தில் காட்ட வேண்டும். மச்சானுக்கு வாசலில் அவமானம் வேண்டாம்.

கேள்வி: வன்னியில் அப்படிக் காசு கட்டிச் சேரும் கடை இருக்கிறதா?

இல்லை. வவுனியா, கிளிநொச்சி பூட் சிற்றிக்கும் சதொசவுக்கும் யாரும் போகலாம். பெரிய கடைகள் தரும் புள்ளி அட்டைகள் இலவசம். நூற்றுக்கு ஒன்று திரும்பி வந்தாலும் வரட்டும், ஏற்கெனவே அங்கே வாங்குகிறவர் எடுத்து வைக்கலாம். புள்ளிக்காக அங்கே போகத் தொடங்கினால்தான் பிழை. தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்த நாளிலிருந்து விளம்பரக் குறுஞ்செய்தி வந்துகொண்டே இருக்கும், அதுவும் ஒரு விலைதான்.

கேள்வி: நாளைக்கு ஒன்று வந்தால் சேரலாமா?

வன்னி வீட்டுக் கூடையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். வயல் உள்ள வீட்டில் அரிசி கடையிலிருந்து வருவதில்லை. காலபோக நெல் மாசி, பங்குனியில் வீட்டுக்கு வந்துவிடும். தேங்காய் வளவில், முருங்கையும் கீரையும் வேலியில், முட்டை கோழிக்கூட்டில். மீன் காலையில் மோட்டார் சைக்கிளில் வருகிறது. கடையில் வாங்குவது சீனி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், பால்மா, தேயிலை, சவர்க்காரம், பிள்ளைகளின் கொப்பி. கடைக் கூடை சிறிதாக இருந்தால் கழிவும் சிறிதாகத்தான் இருக்கும். நகரத்தில் சோற்றிலிருந்து கறிவேப்பிலை வரை காசு கொடுத்து வாங்குகிறவனுக்குப் போட்ட கணக்கை இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது.

ஒரு கற்பனைக் கணக்கு. புதுக்குடியிருப்பில் ஒரு வீடு. மாதம் 18,000 ரூபாய்க்குக் கடைச் சாமான். அதில் 10,000 ரூபாய்ச் சாமான் கிளிநொச்சியில் திறக்கப்போகும் அந்தக் கடையில் நூற்றுக்கு எட்டு மலிவாகக் கிடைக்கிறது என்று வையுங்கள். மாதம் 800 மிச்சம், வருடத்தில் 9,600. வருடக் கட்டணம் 5,000. மாதம் ஒருமுறை போய்வர பஸ்ஸுக்கும் மூட்டைக்கும் 400 என்றால் வருடம் 4,800. கூட்டிக் கழித்தால் 200 ரூபாய் நட்டம். பன்னிரண்டு நாள் பஸ்ஸில் போன நேரத்தையும், பரந்தன் சந்தியில் குடித்த பிளேன்ரியையும் நான் இன்னும் எழுதவில்லை.

கிளிநொச்சி நகரத்திலேயே வீடு, மாதச் சம்பளம், வயல் இல்லை என்றால் அந்த 4,800 போகாது. கணக்கு உடனே மறுபக்கம் சாயும். சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவருக்கும் முன்பள்ளிக்குச் சமைத்துக் கொடுப்பவருக்கும் இன்னும் நன்றாகப் பொருந்தும். பிறைஸ் கிளப்பே முதலில் சிறு வியாபாரிகளை நம்பித்தான் தொடங்கியது.

கேள்வி: மூட்டையாக வாங்கினால் எப்படியும் மலிவுதானே?

எங்கள் ஆட்களிடம் இந்தப் பேச்சு சட்டென்று எடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல், பற்றறி, உரம், சீமெந்து எதுவும் ஒழுங்காக உள்ளே வராத காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். 2002இல் வன்னியூடாகப் போகும் ஏ9 பாதை திறந்தது, 2006 ஆவணியில் மூடியது. பிறகு 2022இல் எரிபொருள் வரிசை. அந்த செப்ரெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் நூற்றுக்கு எழுபதுக்குக் கிட்டப் போனது. கிடைக்கும்போது வாங்கி அடுக்கு என்பதை அம்மாமார் யாரிடமும் படிக்கவில்லை. எங்கள் வீட்டு அறைக்குள்ளும் சவர்க்காரக் கட்டிகள் இன்னும் அடுக்கியபடிதான் இருக்கின்றன.

ஆனால் எதை அடுக்குவது என்பதில் கவனம் வேண்டும். சவர்க்காரத்தை அடுக்கலாம், காயக் காயக் கரைவது குறையும். பற்பசை, நெருப்புப்பெட்டி, பெண்பிள்ளைகளின் நப்கின், உப்பு ஆகியவற்றுக்கும் பயமில்லை. கோதுமை மாவும் ரவையும் இந்த வெக்கையில் வண்டு பிடிக்கும். பருப்பை வெயிலில் காயவைத்துச் செத்தல் மிளகாயோ வேப்பிலையோ போட்டு வைத்தால் கொஞ்சம் தாங்கும். அரிசியை விட நெல்லாக வைத்திருந்து தேவைக்கு மில்லில் குத்துவிப்பது மேல். தேங்காயெண்ணெயைப் பெரிய கலனில் வாங்கினால் கை தாராளமாகும். பொரியல் கூடிவிட்டது என்பது மாத முடிவில்தான் தெரியும்.

தாழ்வான காணி என்றால் இன்னொரு சேதி. 2018 மார்கழி வெள்ளம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரே இரவில் வீடுகளுக்குள் வந்தது. நிலத்தில் வைத்த மூட்டைக்கு யாரும் நட்டஈடு தரமாட்டார்கள். கட்டை அடுக்கி மேலே வையுங்கள்.

மூட்டை விலையில் வாங்க அட்டை தேவையும் இல்லை. ஐந்து வீடு சேருங்கள். ஒருவர் வவுனியா மொத்த விற்பனைக் கடையில் ஐம்பது கிலோ சீனியும் ஒரு மூட்டை பருப்பும் எடுத்து வரட்டும். வந்த அன்றைக்கே எல்லோர் முன்னாலும் நிறுத்துப் பிரித்து, காசையும் அன்றைக்கே வாங்கிவிட வேண்டும். நாளைக்குத் தாறேன் என்ற சொல்லால் குழம்பிய கூட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீடு ஐந்துக்கு மேல் போனால் சண்டை, மூன்றுக்குக் கீழே போனால் மூட்டை மிஞ்சும்.

கேள்வி: சந்திக் கடை அண்ணை விலை கூட விற்கிறார். அவரை விட்டுவிடலாமா?

அவரிடம் ஒரு கிலோ சீனிக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுப்பீர்கள். அதற்கு அவர் தருவது கடன் கொப்பி. சிறுபோகத்துக்கும் காலபோகத்துக்கும் இடையில் கையில் காசில்லாத மாதங்களில் பிள்ளைக்குப் பால்மா தருபவர் அவர்தான், வட்டி இல்லை. நூறு கிராம் மிளகாய்த்தூளும் அரை இறாத்தல் பாணும் தருபவரும் அவர்தான். எந்த அங்கத்துவக் கடையும் அறுவடை வரை பொறுக்காது. அந்தப் பத்து ரூபாயை நான் சந்தாக் காசு என்றே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் பாருங்கள். சின்னப் பக்கற்றுகளில் கிராமுக்கு விலை கூட. ஷாம்பு பக்கற்றையும் பால்மா பக்கற்றையும் நூறு கிராமுக்கு எவ்வளவு என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கையில் காசு இருக்கும் மாதத்தில் பெரியதை அவரிடமே வாங்கலாம். பக்கற்றில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் கேட்டால் மட்டும் விடவேண்டாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் அதற்குத்தான் இருக்கிறது.

கேள்வி: சங்கக் கடை அங்கத்துவமும் இதுவும் ஒன்றா?

பெயர் ஒன்று, காசு போகும் திசை வேறு. கொஸ்ட்கோவுக்குக் கட்டும் கட்டணம் அந்த வருடத்தோடு முடிந்தது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நீங்கள் கட்டுவது பங்குப் பணம். அது உங்கள் பெயரில் நிற்கும். எத்தனை பங்கு இருந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு. இலாபம் வந்தால் என்ன செய்வது என்று பொதுக்கூட்டத்தில் நீங்களும் கை உயர்த்தலாம்.

1844இல் இங்கிலாந்தின் ரொச்டேலில் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண் போட்டு மா, வெண்ணெய், சீனி, மெழுகுதிரி விற்கத் தொடங்கினார்கள். யார் எவ்வளவுக்கு வாங்கினார்களோ அந்த அளவுப்படி உபரியைப் பிரித்துக் கொடுத்தார்கள். இப்போது மேல்தர அட்டைக்கு இரண்டு வீதம் என்று விற்கப்படுவதன் மூலக்கதை அதுதான், அங்கே வருடக் கட்டணம் இருக்கவில்லை. சுவிசில் இருக்கும் உறவுகள் போகும் மிக்றோசும் 1941இலிருந்து கூட்டுறவுதான், அதன் புள்ளி அட்டையும் இலவசம். இலங்கையில் பலநோக்குச் சங்கங்கள் 1957இல் பிலிப் குணவர்த்தன அமைச்சராக இருந்தபோது தொடங்கின. இடப்பெயர்வுக் காலத்தில் நிவாரண அரிசியும் மாவும் எங்களுக்கு வந்தது சங்கத்தின் வழியாகத்தான். சங்கத்து வரிசையில் நிற்காத வன்னிக் குடும்பம் குறைவு.

பழைய பெருமைக்காக மட்டும் சேரச் சொல்லமாட்டேன். பல சங்கக் கடைகளில் தட்டு வெறுமை. மதியம் போனால் பூட்டு. பொதுக்கூட்டத்துக்குத் தேநீர் குடிக்கத்தான் ஆள் வரும். சேர முன் இரண்டு தரம் போய்ச் சாமான் இருக்கிறதா என்று பாருங்கள், கடைசிக் கணக்கறிக்கையைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் யோசியுங்கள். நன்றாக நடக்கும் சங்கம் பக்கத்தில் இருந்தால், காசு கட்டிச் சேரும் கடைகளில் வன்னிச் சிக்கனத்துக்கு முதலாவதாகப் பொருந்துவது அதுதான் என்பது என் எண்ணம். பங்குத் தொகை சங்கத்துக்குச் சங்கம் வேறு, கிளை முகாமையாளரிடம் கேட்கலாம்.

கேள்வி: ஒருவர் வந்தார். 25,000 கட்டினால் அங்கத்துவமாம், சத்துமா, தேயிலை, சவர்க்காரம் எல்லாம் மொத்த விலையாம். மூன்று பேரைச் சேர்த்தால் கட்டிய காசு திரும்புமாம்.

கதவைச் சாத்துங்கள். தேத்தண்ணி கொடுத்துவிட்டும் சாத்தலாம்.

ஒருவர் மூன்று பேர், அவர்கள் ஒவ்வொருவரும் மூன்று பேர் என்று போனால் 3, 9, 27, 81, 243, 729, 2,187, 6,561, 19,683, 59,049. பதினோராம் படியில் 1,77,147 பேர் வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டம் முழுவதிலும் கைக்குழந்தையோடு சேர்த்து ஏறக்குறைய 92,000 பேர்தான். கடைசியாகச் சேர்ந்தவர்களுக்குச் சேர்க்க ஆள் இருக்காது. அந்தக் கடைசி ஆள் அநேகமாக உங்கள் சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோதான், ஏனெனில் நம்பிக்கை உள்ளவரிடம்தான் போவீர்கள். காசோடு உறவும் போகும்.

1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவின்படி இப்படி ஆள்மேல் ஆள் சேர்க்கும் பிரமிட் திட்டங்களை நடத்துவதும் அதற்கு ஆள் சேர்ப்பதும் குற்றம். சேர்த்துவிட்டவரும் மாட்டுப்படலாம். தடை செய்யப்பட்டவை என்று மத்திய வங்கி கண்டறிந்த நிறுவனங்களின் பட்டியலை அது வெளியிடுகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதால் நல்லது என்றாகிவிடாது, பெயர் மாற்றிக்கொண்டு வருவார்கள்.

வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆள் சேர்க்காமல், அந்தச் சத்துமாவை அங்கத்தவர் அல்லாத ஒருவருக்கு விற்று மட்டும் யார் பிழைக்கிறார்? பதிலாக மண்டபக் கூட்டத்துக்கு வாங்கோ என்று சொன்னால் விஷயம் முடிந்தது.

கேள்வி: வங்கிக் கடனட்டைக்குப் பெரிய கடைகளில் கழிவு போடுகிறார்களே?

மாத முடிவில் முழுதையும் கட்டுகிறவருக்கு நல்லது. மிச்சம் வைத்தால் வருட வட்டி நூற்றுக்கு இருபதுக்கு மேல். மரக்கறியில் கிடைத்த கழிவை அது ஒரு மாதத்திலேயே தின்னத் தொடங்கும். அட்டையின் வருடக் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா கொஸ்ட்கோவில் வாங்கிப் பெட்டி அனுப்புகிறார். அது மிச்சமா?

பாசத்தைக் கணக்கில் எழுத முடியாது, அதை விடுவோம். ஒரு கனேடிய டொலர் இப்போது இருநூறு ரூபாய்க்கு மேல். அண்ணா கட்டும் 65 டொலர் கட்டணமே இங்கே 13,000 ரூபாய்க்கு மேல். கப்பல் பெட்டிக்குக் காசு பருமனைப் பார்த்து. அப்படியிருக்கப் பெட்டிக்குள் சவர்க்காரத் தூளும் நூடில்ஸும் அடைத்து அனுப்புவது எனக்கு விளங்குவதில்லை. அதெல்லாம் கிளிநொச்சியில் கிடைக்கும், காசை அனுப்பினால் போதும். நல்ல சப்பாத்து, பிள்ளையின் பள்ளிப் பை, கனமான போர்வை அனுப்பலாம். முந்நூறு குளிசை உள்ள விற்றமின் போத்தலில் காலாவதித் திகதியை அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள், பெட்டி கடலில் பல வாரம் கிடக்கும். மருந்து வகையை வைத்தியரிடம் கேட்காமல் யாருக்கும் பிரித்துக் கொடுக்கவேண்டாம்.

கேள்வி: இணையக் கடையான அமேசானின் பிறைம் என்ற சந்தாவில் நாங்கள் இங்கிருந்து சேரலாமா?

விநியோகத்துக்காக என்றால் வேண்டாம். அமேசானுக்கு இலங்கையில் கடை இல்லை, ஒருநாள் விநியோகம் ஒட்டுசுட்டான் முகவரிக்கு வராது. அமெரிக்காவில் 2005இல் வருடம் 79 டொலரில் தொடங்கியது 2022இல் 139 ஆனது. சந்தா என்பது ஏறும், நீங்கள் பழகிய பிறகு ஏறும்.

கேள்வி: லண்டனில் இருக்கும் மகள் "முதல் மாதம் இலவசம்" என்று பிறைமில் சேர்ந்தாள். இப்போது மாதாமாதம் காசு கழிகிறதாம்.

இலவச மாதம் முடிந்தால் தானாகக் கழியும்படிதான் அது அமைந்திருக்கிறது. சேர்கிற அன்றைக்கே, முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் தொலைபேசி அடிக்கும்படி வைத்துவிட வேண்டும். தெளிவான சம்மதம் இல்லாமல் ஆட்களைச் சேர்த்தது, விலகுவதைக் கடினமாக்கியது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு தொடுத்த வழக்கில், 2025 செப்ரெம்பரில் அமேசான் 250 கோடி டொலருக்கு இணங்கியது. 100 கோடி தண்டம், 150 கோடி பாவனையாளருக்கு. அது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டும், லண்டன் மகளுக்கு அதில் பங்கில்லை. கணக்கைத் திறந்து இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். கடைசியாகக் காசு கழிந்த பிறகு எதையும் பாவிக்கவில்லை என்றால் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்கவும் சொல்லுங்கள்.